காலுக்கு வாசித்த கை: ரெஜினால்ட் டிக்ஸன், ஒரு மதிப்பீடு

தியேட்டர் ஆர்கன் பற்றிய விமர்சனத்தில் ரெஜினால்ட் டிக்ஸனின் இடம் இன்னும் உறுதிப்படவில்லை. அவரைப் போற்றுகிறவர்கள் அளவைக் காட்டுகிறார்கள்: இங்கிலாந்தின் பிளாக்பூல் டவர் பால்ரூமில் 1930 மார்ச் முதல் 1970 மார்ச் வரை, போர்க்கால இடைவெளி நீங்கலாக, ஒரே மேடை, ஓயாத வானொலி ஒலிபரப்பு, கட்டுக்கட்டாக இசைத்தட்டுகள், ‘மிஸ்டர் பிளாக்பூல்’ என்ற பட்டப்பெயர். அவரை ஒதுக்குகிறவர்கள் இதே பட்டியலைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்கிறார்கள்: கடற்கரை ஊர், விடுமுறைக் கூட்டம், மெட்டுக் கதம்பம். இரு தரப்பும் கேட்டவர்களை எடைபோட்டுவிட்டு வாசித்தவரை எடைபோட்டதாக எண்ணிக்கொள்கின்றன. லட்சம் பேர் ஆடினார்கள் என்பதால் வாசிப்பு உயர்ந்துவிடாது. ஆடியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள் என்பதால் தாழ்ந்துவிடவும் செய்யாது.

கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. தன் முன் இருந்த இசைச் சிக்கலை அவர் சரியாக அடையாளம் கண்டாரா? அதற்கு அவர் கண்ட தீர்வு உள்முரண் இல்லாததா? அந்தத் தீர்வு, அது பிறந்த இடத்தை விட்டு வெளியே வந்தபோது எவ்வளவு தாங்கியது? முதல் இரண்டில் டிக்ஸன் தன் துறையில் எவருக்கும் பின்தங்கியவர் இல்லை. மூன்றாவதில்தான் வழக்கு இருக்கிறது.

வாழ்க்கை வரலாற்றை நீட்டத் தேவையில்லை. 1904 அக்டோபரில் ஷெஃபீல்டில் பிறந்தார். இளமையிலேயே மௌனப் படக் கொட்டகைகளில் பியானோ வாசிக்கத் தொடங்கி, அங்கிருந்து ஆர்கனுக்கு வந்தார். இந்தப் பயிற்சி அவர் இசையில் விட்ட தடம் ஆழமானது. படத்துக்கு வாசிப்பவனுக்கு ஒரு பாடலை முழுமையாக வாசிக்கும் வாய்ப்பு அரிது. காட்சி மாறியவுடன் மெட்டும் மாற வேண்டும். எந்தச் சுருதியிலிருந்தும் எந்தச் சுருதிக்கும் தையல் தெரியாமல் தாவ வேண்டும். நூற்றுக்கணக்கான மெட்டுகள் விரல் நுனியில் இருக்க வேண்டும். நினைவாற்றல், வேகம், இணைப்புத் திறன் ஆகியவை இந்தப் பள்ளி தரும் செல்வங்கள். ஒரு பாடலுக்குள் நிலைத்து நின்று அதன் உட்பொருளைத் துருவும் பொறுமை இங்கே வளர்வதில்லை. டிக்ஸனின் பலமும் பலவீனமும் 25 வயதுக்குள்ளேயே விதைக்கப்பட்டுவிட்டன.

அவர் டவருக்கு வந்த காலமும் கவனத்துக்குரியது. 1930இல் பேசும் படம் வந்துவிட்டது. கொட்டகை இசைக்கலைஞர்கள் கூட்டங்கூட்டமாக வேலையிழந்தார்கள். எஞ்சிய ஆர்கன் கலைஞர்கள் இரு காட்சிகளுக்கு நடுவே கால் மணி நேரம் மேடைக்கடியிலிருந்து எழுந்து, வாசித்து, மறுபடி இறங்கிப்போகும் இடைவேளை விருந்தாக மாறினார்கள். டிக்ஸன் போன இடத்தில் திரை கிடையாது. ஃபிராங்க் மாட்சம் வடிவமைத்து 1899இல் திறந்த டவர் பால்ரூம் முழுக்க முழுக்க நடனத்துக்கான கூடம். மஹாகனி, ஓக், வால்நட் மரத் துண்டுகள் 30,602 சேர்ந்த தளம், ஓவியம் தீட்டிய விதானம், இரண்டடுக்கு மாடம். தியேட்டர் ஆர்கன் கலைஞர் என்று பெயர் பெற்றவர் தன் வாழ்நாள் வேலையைப் படமும் நாடகமும் இல்லாத இடத்தில்தான் செய்தார். ஆகவே லண்டன் கொட்டகைக் கலைஞர்களுக்கு வகுத்த அளவுகோலை அப்படியே அவர்மேல் வைப்பது முறையாகாது. அதற்காக அளவுகோலே வேண்டாம் என்பதும் சரியில்லை.

கருவியிலிருந்து தொடங்குவோம். தியேட்டர் ஆர்கனின் கருத்துத் தந்தையான ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் ஆங்கிலேயர்; தொலைபேசி நிறுவனத்தில் மின்பொறியாளராக இருந்தவர். வாசிப்பு மேசையான கன்சோலையும் குழல்களையும் மின்கம்பியால் மட்டுமே இணைத்து, இரண்டையும் எவ்வளவு தொலைவிலும் வைக்கலாம் என்று காட்டினார். அமெரிக்கா சென்றார்; 1910இல் அவருடைய உரிமைகள் வுர்லிட்ஸர் நிறுவனத்தின் கைக்குப் போயின. அவருடைய தலையாய உத்தி, ஒரே குழல் வரிசையைப் பல ஸ்தாயிகளில் கடன் வாங்கிப் பயன்படுத்துவது. தேவாலய ஆர்கனில் 8 அடி, 4 அடி, 2 அடி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழல் வரிசை உண்டு. வுர்லிட்ஸர் ஆர்கனில் டிபியா என்ற புல்லாங்குழல் வகைக் குழல்களின் ஒரே வரிசை நீட்டப்பட்டு 16 அடியாகவும் 8 அடியாகவும் 4 அடியாகவும், தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தரும் 2⅔ அடியாகவும் ஒலிக்கும். சில வரிசைகளிலிருந்து பெரிய வாத்தியக் குழுவின் தோற்றத்தைப் பெறலாம் என்பது இதன் ஆதாயம். நெருங்கிய குரல்கள் ஒரே குழலில் மோதி ஒன்றையொன்று விழுங்கும், ஒலிநிறம் தடித்து ஒற்றையாகிவிடும் என்பது இதன் விலை. அதன்மேல் ஒலியை எப்போதும் நடுங்கவைக்கும் ட்ரெமுலன்ட் வேறு. நல்ல தியேட்டர் ஆர்கன் வாசிப்பின் பெரும்பகுதி இந்தத் தடிப்போடு நடத்தும் போராட்டம்தான்.

நடனக்கூடத்தில் அந்தப் போராட்டம் இரட்டிப்பாகிறது. ஆர்கன் இயல்பாகவே நீண்டொலிக்கும் கருவி; நடனத்துக்கு வேண்டியது தட்டு. பியானோவில் ஒரு ஸ்வரத்தை ஓங்கி அடித்து அழுத்தம் தரலாம். ஆர்கனில் விசையை எப்படித் தொட்டாலும் குழலின் ஒலி ஒன்றே. விசையை இன்னும் ஆழமாக அழுத்தும் ‘இரண்டாம் தொடுகை’ என்ற ஏற்பாடு வுர்லிட்ஸரில் உண்டு. அது வேறொரு குழல் வரிசையின் ஸ்டாப்பைச் சேர்க்குமே தவிர, அதே ஸ்வரத்துக்கு அழுத்தம் தராது. மந்திர ஸ்தாயிப் பெருங்குழல்கள் காற்று நிறைந்து பேசச் சற்று நேரம் எடுக்கும். பெரிய கூடம் ஒலியைத் தேக்கிவைக்கும். இத்தனை மந்தங்களுக்கும் நடுவே, தளத்தில் சுற்றுபவர்களின் கால் விழும் கணமும் தாளம் கேட்கும் கணமும் ஒன்றாக வேண்டும். க்விக்ஸ்டெப் என்ற விரைவு நடனமென்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 பார் (தாளச் சுற்று). ஒரு நூலிழை தளர்ந்தால் கூட்டம் முழுவதும் தடுமாறும்.

டிக்ஸன் கண்ட தீர்வு எளிமையானது. அதன் எளிமையில்தான் அதன் கூர்மை. ஆர்கனில் அழுத்தத்துக்கு ஒரே வழி கால அளவு. ஸ்வரத்தைக் குறுக்கினால் அதைத் தொடரும் மௌனம் தாளத் தட்டாக உணரப்படும். டிக்ஸன் பெடலில் பாஸை நறுக்கென்று வெட்டினார். இடக்கையின் கார்டுகளை அந்த வெட்டுகளுக்கு இடையில் எதிர்த்தட்டாக வைத்தார். இரண்டுக்கும் நடுவில் விட்ட சிறு இடைவெளிகளே அவருடைய டிரம். வலக்கை மெட்டை ஸ்தாயி இரட்டித்து, மேல்நிலை ஒலிகளைச் சேர்த்து, கூடத்தின் இரைச்சலைத் துளைக்கும்படி ஒளிரச் செய்தது. மெட்டு எப்போதும் மேலே, தெளிவாக; தாளம் எப்போதும் கீழே, உலர்ந்து; நடுப்பகுதி கூடியமட்டும் காலி. கருவியின் பிறவிக் குறையான தடிப்பை அவர் நடுவில் இடம் காலிசெய்து சமாளித்தார். ‘பிளாக்பூல் பாணி’ என்று இன்று சொல்லப்படுவதன் இலக்கணம் இவ்வளவுதான். இதில் எதுவும் அலங்காரத்துக்காக வந்ததில்லை. ஒவ்வோர் உறுப்பும் ஒரு குறிப்பிட்ட தடைக்கு விடையாக வந்தது. ஒரு பாணிக்கு இதைவிடக் கறாரான கட்டுக்கோப்பைக் கேட்க முடியாது.

காலப்பிரமாணத்தில் அவருக்கிருந்த உறுதி தனித்துச் சொல்லத்தக்கது. விக்டர் சில்வெஸ்டர் 1935இல் தன் இசைக்குழுவை அமைத்து ‘ஸ்ட்ரிக்ட் டெம்போ’வை, அதாவது மாறாத வேகத்தை, ஒரு கொள்கையாகவே நிறுவினார். அவருக்கு ஒரு குழுவே துணை நின்றது. டிக்ஸன் இரு கை இரு காலோடு தனியாளாக அதைக் கடைப்பிடித்தார். சில்வெஸ்டரின் தாளம் துல்லியமானது, சற்றே நடுநிலையானது. டிக்ஸனுடையதில் துல்லியத்தோடு ஒரு முன்தள்ளலும் உண்டு. தட்டு நகராமலேயே முன்னே சாய்வதுபோல் தோன்றும். எதிர்த்தட்டின் கூர்மையால் வரும் விளைவு அது. வேகத்தைக் கூட்டாமல் விசையைக் கூட்டும் இந்தக் கலையில் அவருக்கு நிகர் காட்டுவது கடினம்.

இந்த இலக்கணத்தைக் கருவிக்குள்ளேயே எழுதிவைக்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. 1929இல் டவருக்கு வந்த முதல் வுர்லிட்ஸரில் 2 விசைப்பலகைகளும் 10 குழல் வரிசைகளும் இருந்தன. 1935இல் டிக்ஸனின் வரையறைப்படி 3 விசைப்பலகைகளும் 14 குழல் வரிசைகளும் கொண்ட புதிய கருவி நிறுவப்பட்டது. பழையது அதே ஊரின் விண்டர் கார்டன்ஸ் எம்ப்ரஸ் பால்ரூமுக்குப் போய், அங்கே 13 வரிசைகளாக விரிவுபெற்றது. லண்டனின் சில பெரிய கொட்டகைகளில் அப்போது இதைவிடப் பெரிய கருவிகள் இருந்தன. டிக்ஸன் எண்ணிக்கையின் பின்னால் போகவில்லை. கூடத்துக்கு வேண்டிய ஒளிர்வும் உடனடித் தன்மையும் கிடைத்தால் போதும் என்று நின்றார். அந்தக் கருவி பல தலைமுறைக் கலைஞர்களின் கையில் இன்றும் அதே கூடத்தில் வேலை செய்கிறது. ஒரு வாசிப்பாளரின் அழகியல் நிலைப்பாடு மரமும் ஈயமும் காற்றுமாக உருக்கொண்டு அவரைக் கடந்து வாழ்வது இசையில் அரிது. என் கணிப்பில் டிக்ஸனின் தலைசிறந்த படைப்பு அவர் பதிவு செய்த எந்தத் தட்டும் இல்லை. இந்தக் கருவியின் வடிவமைப்புதான்.

பிளாக்பூலே ஒரு நல்ல ஒப்பீட்டையும் தருகிறது. எம்ப்ரஸ் பால்ரூமில் வாசித்த ஹோரஸ் ஃபின்ச்சுக்கும் அதே ஊர், அதே பருவம், அதே வகைக் கூட்டம், டிக்ஸன் வாசித்துப் பழகிய பழைய கருவியின் விரிவுபட்ட வடிவம். விரல் சுறுசுறுப்பில் ஃபின்ச் டிக்ஸனை மிஞ்சினார். அவருடைய வேகமான ஓட்டங்கள் மின்னும். ஆனால் அந்த மின்னல் அடிக்கடி கேட்பவனின் காதைத் தேடுகிறது, ஆடுபவனின் காலைத் தேடுவதில்லை. டிக்ஸன் தன் திறமையைக் காட்டுவதற்காகத் தாளத்தை ஒரு கணமும் அடகு வைக்கவில்லை. நுட்ப வித்தகம் ஃபின்ச்சிடம் கூடுதல். நோக்கத் தெளிவு டிக்ஸனிடம் கூடுதல். நடனக்கூடம் என்ற நிபந்தனைக்குள் பின்னதே பெரிய குணம்.

இனி மறுபக்கம். தாளம் தளரும் இடத்தில் டிக்ஸன் என்ன செய்கிறார்? மெதுவான காதல் பாடல்களில் அவருடைய இலக்கணத்துக்குப் பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. வெட்டுவதற்குப் பாஸ் இல்லை, தள்ளுவதற்கு எதிர்த்தட்டு இல்லை. அங்கே சொற்றொடர் வளைவு தேவைப்படுகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில் நிற்கவும் மூச்சுவிடவும் தெரிய வேண்டும். நியூயார்க் பாரமவுண்ட் கொட்டகையில் 1926 முதல் வாசித்த ஜெஸ்ஸி கிராஃபோர்டை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ‘ஆர்கனின் கவிஞர்’ என்ற பட்டம் விளம்பரத்துக்காகச் சூட்டப்பட்டதாக இருக்கலாம். அவருடைய காதல் பாடல் பதிவுகள் அதை நியாயப்படுத்துகின்றன. ஒரே பாடலுக்கு ஒரு பக்கம் முழுவதையும் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒலிநிறத்தை மாற்றி, டிபியாவில் ஸ்வரத்தை வழுக்கி இறக்கி, அதைப் பாட வைப்பார். அதே வகைப் பாடலில் டிக்ஸன் மெட்டைக் கூறுவார், பாடமாட்டார். இனிமை இருக்கும், வியாக்கியானம் இருக்காது. ட்ரெமுலன்ட் உணர்ச்சியின் வேலையைத் தானே செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். இது சிறு குறை இல்லை.

ஒலியளவின் ஏற்ற இறக்கமும் அவரிடம் சுருங்கியே இருந்தது. நடனக்கூடத்தில் மென்மையாக இறங்கினால் கூட்டத்தின் பேச்சு அதை விழுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அதே கட்டுப்பாட்டை வானொலி நிலையத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் கொண்டுபோனது பழக்கம். அவசியம் என்று அதைச் சொல்ல முடியாது. மைக்ரோபோன் முன் கூட்டம் கிடையாது. அங்கே மென்மை சாத்தியம், ஆகவே அங்கே அது எதிர்பார்க்கப்படும்.

மெட்டுக் கதம்பம் இன்னும் சிக்கலான வழக்கு. 1930களில் ரீகல் ஸோனோஃபோனுக்காக அவர் பதிவு செய்த ‘டிக்ஸன் ஹிட்ஸ்’ வரிசை அந்நாளின் புகழ்பெற்ற பாடல்களை அடுத்தடுத்து ஒரு தட்டில் கோத்தது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். அதற்குள் பல பாடல்கள். மெட்டிலிருந்து மெட்டுக்கு அவர் நகரும் விதம் மாசற்றது. மௌனப் படப் பயிற்சி கைகொடுக்கிறது. எந்தப் பாடலை எதன் பின் வைப்பது என்ற தேர்விலும் நல்ல காது தெரிகிறது. ஆனாலும் எல்லாப் பாடல்களும் ஒரே தாளச் சட்டகத்துக்குள் தள்ளப்படும்போது அவற்றின் தனிமுகம் தேய்கிறது. துயரப் பாடலும் குறும்புப் பாடலும் ஒரே நடையில் அணிவகுக்கின்றன. பந்தியில் எல்லாக் கறிக்கும் ஒரே தாளிப்பு போட்ட கதை. நடனத்துக்கு இந்தச் சமன்பாடு தேவை. வீட்டில் உட்கார்ந்து தட்டைக் கேட்பவனுக்கு அது சலிப்பு. டிக்ஸன் இந்த இரண்டு கேட்புமுறைகளைப் பிரித்துப் பார்த்ததாகப் பதிவுகளில் தெரியவில்லை.

இங்கே அவர் ஆதரவாளர்களின் வலுவான வாதத்துக்கு உரிய இடம் தர வேண்டும். டிக்ஸனின் இசையை அதன் சமூகத்திலிருந்து பிரித்து மதிப்பிட முடியாது என்கிறார்கள் அவர்கள். வடக்கு இங்கிலாந்தின் பஞ்சாலை நகரங்கள் கோடையில் ஆளுக்கொரு வாரம் ஆலைகளை மூடும். ‘வேக்ஸ் வாரம்’ என்று பெயர். ஊர் முழுவதும் ஒன்றாக ரயிலேறிப் பிளாக்பூலுக்கு வரும். ஓல்டமின் வாரம் முடிந்தால் வேறோர் ஊரின் வாரம். ஆண்டு முழுவதும் தறிச் சத்தத்தில் வாழ்ந்தவர்கள் அந்த ஒரு வாரத்தில் டவருக்கு வந்து கேட்டது தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டுகளை. புதிய விளக்கம் அவர்கள் கேட்ட பொருள் இல்லை. பழகிய பாட்டு, பழகிய கூட்டம், நம்பத்தக்க தாளம் ஆகியவற்றின் சங்கமமே அங்கே அனுபவம். ‘ஐ டூ லைக் டு பி பிசைட் தி ஸீசைடு’ என்ற 1907ஆம் ஆண்டுப் பாடலை டிக்ஸன் தன் அடையாள மெட்டாக்கிக்கொண்டது இந்த உடன்படிக்கையின் முத்திரை. அந்த மெட்டைக் கேட்டால் இன்றும் பிரிட்டனில் நினைவுக்கு வருவது பிளாக்பூலும் வுர்லிட்ஸரும்தான்.

வாதம் உண்மை, முடிவு அவசரமானது. கூட்டத்தின் தேவையைத் துல்லியமாக உணர்வது ஒரு கலைஞனின் அறிவு. அதோடு நிற்பது அவன் தேர்வு. பயன்பாட்டு இசை என்ற வகைமைக்குள்ளேயே உயரங்கள் உண்டு. நடனத்துக்கென்றே எழுதப்பட்ட வால்ட்ஸுகளில் யோஹான் ஸ்ட்ராஸ் வைத்த முன்னுரைகளும் நிழல்களும் ஆடுபவனுக்கு அவசியமற்றவை. இருந்தும் அவை நடனத்தைக் கெடுக்கவில்லை. பயன்பாட்டை நிறைவேற்றிய பின்னும் மிஞ்சும் இந்த உபரிதான் கலையின் வரவு. டிக்ஸனிடம் உபரி உண்டா என்றால், தாளத்தில் உண்டு, கருவியமைப்பில் உண்டு; கார்டுகளின் கற்பனையிலும் சொற்றொடர் வடிவத்திலும் மிகக் குறைவு.

அவர் காலத்திலேயே வேறு வழிகள் திறந்துகிடந்தன. லைப்ஸிக்கில் கார்ல் ஷ்ட்ரௌபேயிடமும் மாக்ஸ் ரேகரிடமும் பயின்ற குவென்டின் மக்லீன், லண்டன் எலிஃபன்ட் அண்ட் காஸிலின் ட்ரோகடெரோ கொட்டகையில் மக்கள் இசையையும் செவ்வியல் கட்டமைப்பையும் ஒரே மேடையில் இருத்திக் காட்டினார். சிட்னி டார்ச் இன்னும் நெருங்கிய எடுத்துக்காட்டு. கில்பர்ன் கோமான்ட் ஸ்டேட்டில் 1937 முதல் அவர் செய்த பதிவுகளில் தாள விசை டிக்ஸனுடையதற்குச் சளைத்ததில்லை. அதோடு ஒவ்வொரு பாடலுக்கும் தனி ஏற்பாடு, எதிர்பாராத கார்டு, நகைச்சுவை, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெடலின் கூரிய ஒலி அதிர்ச்சிகள் எல்லாம் உண்டு. தாளத்தை விடாமலே கற்பனையைச் சேர்க்கலாம் என்பதற்கு டார்ச் கண்கூடான சான்று. ஆகவே டிக்ஸனின் குறைகளைக் கருவியின் தலையிலோ காலத்தின் தலையிலோ கட்ட முடியாது.

ஆனால் டார்ச்சின் கணக்கையும் முழுமையாகப் பார்க்க வேண்டும். அவருடைய ஏற்பாடுகள் மூன்று நிமிடத் தட்டுக்காகச் செதுக்கியவை, கேட்டு வியப்பதற்கானவை. மாலை முழுவதும், பருவம் முழுவதும், வரிசையாக வால்ட்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் க்விக்ஸ்டெப்பும் வாசிக்கும் நெடுந்தூர வேலை அவர் மேற்கொண்டதில்லை. இரண்டாம் உலகப்போரில் இருவருமே விமானப்படையில் பணியாற்றினார்கள். டிக்ஸன் ஸ்குவாட்ரன் லீடர் பதவி வரை உயர்ந்தார். போர் முடிந்ததும் டார்ச் ஆர்கனை விட்டு மெல்லிசை ஆர்கெஸ்ட்ராவின் நடத்துநரானார். டிக்ஸன் டவருக்கே திரும்பினார். ஒருவர் கருவியின் எல்லையைக் கண்டு வெளியேறினார். மற்றவர் அந்த எல்லைக்குள் குடியிருந்தார். வெளியேறியவரின் தட்டுகளில் தளர்ச்சியின் நிழலே இல்லை, தளர்வதற்கு அவர் காலம் தரவில்லை. குடியிருந்தவரை அவருடைய சிறந்த பத்தாண்டை வைத்து மட்டும் மதிப்பிடும் சலுகை நமக்கில்லை. முழுக் கணக்கையும் பார்த்தாக வேண்டும்.

போருக்குப் பிந்தைய கணக்கு கலவையானது. டிக்ஸன் இல்லாத போர்க்காலத்தில் டவரில் வாசித்தவர்களில் ஈனா பாகா குறிப்பிடத்தக்கவர். நெகிழ்வான தொடுகை கொண்ட அவர் அதே கருவியில் வேறு குணங்களும் உறங்குகின்றன என்று காட்டினார். திரும்பி வந்த டிக்ஸன் அந்த வாசலுக்குள் நுழையவில்லை. பாடல் பட்டியல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அமெரிக்க இசைநாடக மெட்டுகளும் புதிய வெற்றிப் பாடல்களும் சேர்ந்தன. வாசிக்கும் முறை அசையவில்லை. 1935இல் தீர்வாக இருந்தது 1955இல் சூத்திரம். மறுபக்கம், செய்நேர்த்தி தளரவில்லை என்பதையும் பதிய வேண்டும். நீண்ட பணிக்காலக் கலைஞர்கள் பலரிடம் முதலில் கரைவது தாளக் கட்டுப்பாடு. டிக்ஸனின் பிற்காலக் கொலம்பியா பதிவுகளில் அது முன்னைப்போலவே இறுக்கம். மாறாமை என்ற குற்றச்சாட்டும் தேயாமை என்ற பாராட்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள். இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

1956 அவர் புகழின் உச்சமும் கூடத்தின் சோதனையும் ஒன்றாக வந்த ஆண்டு. அந்த ஆண்டு பிளாக்பூல் இல்யூமினேஷன்ஸ் விளக்குத் திருவிழாவின் விசையைப் போடும் பெருமை அவருக்குக் கிட்டியது. டிசம்பரில் நேர்ந்த தீவிபத்தில் நடனத்தளம் அழிந்தது. சீரமைக்க இரண்டாண்டுகள் பிடித்தன. பிறகு 1966இல் எம்.பி.இ. விருது. இவற்றை ஒரு திறனாய்வில் குறிப்பிடக் காரணம், இந்தக் காலத்தில் டிக்ஸன் வாசிப்பாளர் என்ற நிலையிலிருந்து ஊரின் சின்னம் என்ற நிலைக்குப் போய்விட்டார் என்பதுதான். சின்னங்களிடம் யாரும் புதுமை கேட்பதில்லை. விமர்சனம் வாயை மூடிக்கொண்டது. அது அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. அவருடைய இசைக்கு நேர்ந்த நஷ்டமும் அதுவே.

1970இல் அவர் விடைபெற்ற பின் ஆர்கனுக்கு எர்னஸ்ட் பிராட்பென்ட் வந்தார். 1975இல் டவரில் சேர்ந்த ஃபில் கெல்சால் அந்த மரபைப் பல பத்தாண்டுகள் கொண்டுசென்றார். ஒரு வாசிப்பு முறை ஆசிரியரைக் கடந்து ஒரு கூடத்தின் மரபாக நிலைபெறுவது பெரும் சாதனை. இன்னொரு விளைவும் உண்டு. பிளாக்பூலுக்கு வெளியே இந்தப் பாணியைக் கைக்கொண்டவர்கள் பலர் அதன் காரணங்களை விட்டுவிட்டு அதன் அறிகுறிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எதிரொலிக்கும் கூடம் இல்லாத இடத்திலும் நறுக்கிய பாஸ்; ஆடுபவர் இல்லாத சபையிலும் மாறாத வேகம்; வீட்டு எலெக்ட்ரானிக் ஆர்கனிலும் அதே துளைக்கும் ஒளிர்வு. சிக்கல் இல்லாத இடத்தில் தீர்வை மட்டும் நட்டால் அது பாவனையாகிவிடும். இதற்கு டிக்ஸன் நேரடிப் பொறுப்பாளி ஆகமாட்டார். ஆனால் தன் முறையை அது பிறந்த சூழலுக்கு வெளியே, தட்டுகளிலும் ஒலிபரப்புகளிலும் மாற்றமின்றி முன்வைத்த முதல் ஆள் அவர்தான் என்பதால், பின்பற்றியவர்களுக்கு அவரே முன்மாதிரி தந்தார். தியேட்டர் ஆர்கன் என்றாலே கடற்கரைக் கொண்டாட்டம் என்ற பொதுப்புத்தி பிரிட்டனில் வேரூன்றியதிலும், கிராஃபோர்டும் மக்லீனும் திறந்த வழிகள் அங்கே பரந்த செவிகளை எட்டாததிலும் அவருடைய வெற்றிக்குப் பங்குண்டு.

தொடக்கத்தில் வைத்த மூன்று கேள்விகளுக்கும் இப்போது விடை சொல்லலாம். சிக்கலை அடையாளம் காண்பதில் டிக்ஸன் முதல் தரம். நீண்டொலிக்கும் கருவியை நடனக் கருவியாக்க வேண்டுமென்றால் எதை நீக்க வேண்டும் என்று அவரைவிடத் தெளிவாகக் கண்டவர் இல்லை. தீர்வின் கட்டுக்கோப்பிலும் முதல் தரம். கை, கால், ஸ்டாப், கூடம், கருவி வடிவமைப்பு ஆகிய அனைத்தும் ஒரே நோக்கத்தில் இசைந்த இன்னொரு வாழ்க்கைப்பணியைத் தியேட்டர் ஆர்கன் வரலாற்றில் காட்டுவது அரிது. சூழலைக் கடந்து நிற்கும் இசை மதிப்பில் அவர் இரண்டாம் தரம். தாளப் பாடல்கள் தட்டிலும் உயிரோடிருக்கின்றன. மெதுவான பாடல்கள் இல்லை. கதம்பங்கள் ஆவணங்களாக மதிக்கத்தக்கவை, மறுபடி மறுபடி கேட்பதற்கான படைப்புகளாக அல்ல.

கிராஃபோர்டையும் டார்ச்சையும் வியாக்கியானக் கலைஞர்களின் வரிசையில் அவருக்கு மேலே வைக்க வேண்டும். இதில் தயக்கத்துக்கு இடமில்லை. ஆனால் அவர்களின் கலை எந்தக் கூடத்துக்கும் கட்டுப்படாதது, ஆகவே எந்தக் கூடத்தையும் உருவாக்கவும் இல்லை. டிக்ஸன் ஒரு கூடத்தின் இசை எப்படி ஒலிக்க வேண்டும் என்று வரையறுத்தார். அந்த வரையறை அவருக்குப் பின்னும் செல்லுபடியாகிறது. ரசிகர்கள் அவரைப் பெரும் இசை மேதை என்று சொல்வது மிகை. எதிரிகள் அவரைக் கடற்கரை வேடிக்கை என்று சொல்வது அறியாமை. முதல் தரக் கைவினைஞர், சொந்த இலக்கணம் படைத்தவர், அந்த இலக்கணத்தில் கவிதை எழுதாதவர் என்பதே என் தீர்ப்பு. கவிதை எழுதியிருக்க முடியுமா என்ற கேள்விக்கு அவர் வடிவமைத்த 1935ஆம் ஆண்டுக் கருவி ஆம் என்கிறது. அவருடைய நாற்பதாண்டுப் பதிவுகள் அவர் அதை முயலவில்லை என்கின்றன. குறை கருவியினுடையதோ கூட்டத்தினுடையதோ இல்லை, அவருடையது. நிறையும் அதே அளவுக்கு அவருடையது.